ஆனந்த்பூர் சாஹிப் தீர்மானம் உண்மையில் என்ன கேட்டது?

நூற்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூர்க்காரன். நூல் வாங்கி விற்கும் வேலையாக 11 ஆண்டுகள் லூதியானாவில் குடியிருந்தேன். போன வாரம் வேறோர் இழையில் ஒருவர், 1973இல் அகாலிகள் (பஞ்சாபின் சீக்கியக் கட்சியான அகாலி தளத்தார்) ஆனந்த்பூரில் கூடித் தனிநாடு கேட்டார்கள், அது 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததில் போய் முடிந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. லூதியானாவுக்கு ரயிலேறியபோது நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் அந்த ஒற்றை வரி எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

குர்முகி எழுத்தை நான் பஸ்ஸின் நெற்றிப் பலகையில் கற்றேன். மோகா, ஜலந்தர், அபோஹர் என்று ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்து, ஆறு மாதத்தில் பத்திரிகைத் தலைப்பைப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அதைக் கண்டு மகிழ்ந்துபோன வீட்டுக்காரர் ஒருநாள் பழைய சிறு வெளியீடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தாள் பழுத்து, மடித்த இடமெல்லாம் விட்டுப்போயிருந்தது. 1984க்குப் பிறகு சில ஆண்டுகள் அதைக் கோதுமைக் குதிருக்குள் புதைத்து வைத்திருந்தாராம். அதுதான் ஆனந்த்பூர் சாஹிப் தீர்மானம்.

அகாலி தளத்தின் செயற்குழு 1973 அக்டோபரில் ஏற்றது அது. 1978 அக்டோபரில் லூதியானாவில் நடந்த அகாலி மாநாட்டில் அதையே விரித்துப் பல தீர்மானங்களாக நிறைவேற்றினார்கள். குர்சரண் சிங் தோரா முன்மொழிய, பிரகாஷ் சிங் பாதல் வழிமொழிந்தார். அதன் நடுவெலும்பு இதுதான்: பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், பொதுப் போக்குவரத்துத் தொடர்பு ஆகியவை மத்திய அரசிடம் இருக்கட்டும், மற்ற அதிகாரங்கள் மாநிலங்களுக்கு வரட்டும். பஞ்சாபுக்கு மட்டும் என்று கேட்கவில்லை, எல்லா மாநிலங்களுக்கும் கேட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ராஜமன்னார் குழு நினைவுக்கு வந்தது. மத்திய மாநில உறவை ஆராயக் கலைஞர் அரசு 1969இல் அமைத்த அந்தக் குழு 1971இல் அறிக்கை கொடுத்தது. 1974 ஏப்ரலில் நம் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டது. 1977இல் மேற்கு வங்க இடதுசாரி அரசும் ஏறத்தாழ இதே பட்டியலோடு ஒரு குறிப்பாணை தந்தது. நம்முடையதற்கு மாநில சுயாட்சி என்று பெயர். வங்காளத்தினுடையது மத்திய மாநில உறவு. பஞ்சாபினுடையதற்கு மட்டும் ஏன் பிரிவினை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது? விவரம் அறிந்தவர்கள் பேச வேண்டும்.

தராசுமுள்

நூற்கண்டு ஐயா, மனம் தோய்ந்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தாளின் ஒரு பக்கத்தைத்தான் வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். அதே தீர்மானம் தன் அரசியல் இலக்கு 'கால்சாவின் போல்பாலா' என்று சொல்கிறது. தீட்சை பெற்ற சீக்கியர் சமூகமான கால்சாவின் சொல்லே ஓங்கி நிற்க வேண்டும் என்று பொருள். ராஜமன்னார் அறிக்கையில் எந்தச் சமயத்தின் சொல்லும் ஓங்கி நிற்க வேண்டும் என்று இல்லை. அது மட்டுமா? சண்டிகர், அம்பாலா, சிர்சா, ராஜஸ்தானின் கங்காநகர்ப் பகுதிகள் எல்லாம் பஞ்சாபோடு சேர வேண்டும், அங்கே சீக்கியர் நலன் தனியாகக் காக்கப்பட வேண்டும் என்றும் கேட்கிறது. லூதியானாவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் ஒரு பஞ்சாபி இந்துவின் கண்ணால் இந்த வரிகளைப் படித்துப் பாருங்கள்.

பயம் கற்பனையும் அல்ல. 1983 அக்டோபர் 5 அன்று தில்வான் அருகே தீவிரவாதிகள் பஸ்ஸை மறித்து ஆறு இந்துப் பயணிகளை இறக்கிச் சுட்டார்கள். மறுநாள் பஞ்சாபில் தர்பாரா சிங்கின் காங்கிரஸ் அமைச்சரவை போய்க் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. செத்தவர்கள் குடும்பத்திடம் போய் அது வெறும் கூட்டாட்சித் தத்துவம் என்று சொல்ல முடியுமா?

நூற்கண்டு

சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். ஆனால் பஸ்ஸை மறித்தவர்கள் யாரும் 1978 லூதியானா மாநாட்டில் கை தூக்கியவர்கள் அல்லர். துப்பாக்கிக்காரர்கள் கணக்கைத் தீர்மானத்தின் தலையில் எழுதுவதுதான் நான் எதிர்க்கும் காரியம். 'போல்பாலா' பற்றி நீங்கள் சொன்னது சரி, அது இருக்கிறது. அதை நான் விட்டுவிட்டு எழுதியது தவறு.

கன்னிப்பதிவு

இடையில் ஒரு கேள்வி. பழைய செய்திகளில் 'பஞ்சாபி சூபா' என்று வருகிறதே, சூபா என்றால் என்ன?

தி.நகர் கௌர்

தம்பி, சூபா என்றால் மாகாணம். முகலாயர் காலத்துச் சொல். பஞ்சாபி சூபா என்றால் பஞ்சாபி பேசுகிறவர்களின் மாநிலம், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைச் சேர்த்து உரக்கச் சொன்னதற்காக ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போன காலம் உண்டு. அதைச் சொல்லாமல் 1973க்குத் தாவினால் யாருக்கும் எதுவும் விளங்காது. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சீக்கியப் பெண். பிறந்தது, படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் சென்னை. என் தாத்தா 1947இல் லாயல்பூரில் நிலத்தையும் விளைந்து நின்ற பயிரையும் விட்டுவிட்டு ஓடிவந்து, டில்லியில் சில காலம் தங்கி, பிறகு சென்னையில் மோட்டார் உதிரிபாகக் கடை போட்டவர். நங்கானா சாஹிப், குரு நானக் பிறந்த ஊர், எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. எங்கள் அன்றாட வேண்டுதலான அர்தாஸில், பிரிந்துபோன குருத்வாராக்களைத் தடையின்றித் தரிசிக்க அருள் வேண்டும் என்று ஒரு வரி அதற்குப் பிறகு சேர்ந்தது. இன்றும் தி.நகர் குருத்வாராவில் அந்த வரி வரும்போது பாட்டியின் குரல் என் காதில் விழுகிறது.

பாட்டியின் தங்கை குடும்பம் ஜலந்தரில் தங்கியது. அவர்களுக்கு அடுத்த வீட்டு அம்மாள் இந்து. இருவரும் ஒரே அடுப்பில் ரொட்டி சுடுவார்கள். குழந்தையைத் தாலாட்டுவதும் திட்டுவதும் கல்யாணத்தில் பாடுவதும் பஞ்சாபியில்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தபோது அந்த அம்மாளின் கணவர் வாசலில் நின்று தாய்மொழி இந்தி என்று எழுதச் சொன்னாராம். ஒருவர் இருவர் அல்ல, லட்சக்கணக்கான பஞ்சாபி இந்துக்கள் அப்படிச் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்படி இந்துச் சீர்திருத்த அமைப்பான ஆரியசமாஜத்தின் தலைவர்களும் பத்திரிகைகளும் ஊக்கினார்கள். 1951 கணக்கெடுப்பில் குழப்பம் முற்றியதால், பஞ்சாப் பகுதியில் இந்தியையும் பஞ்சாபியையும் தனித்தனியே பிரிக்காமல் ஒன்றாகவே கணக்குக் காட்டிவிட்டார்கள். ஒரு மொழி கணக்கேட்டிலேயே காணாமல் போனது. பாட்டி இதைச் சொல்லும்போது அந்த அம்மாளைக் குறை சொன்னதே இல்லை. பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள், இன்னொரு சமயத்தவர் பெரும்பான்மையாகிவிடுவார்களோ என்று அஞ்சினார்கள் என்பார்.

மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் ஆந்திரத்தைத் தொடர்ந்து கேரளம், கர்நாடகம் என்று மொழிவழியாகக் கோடு போடப் பரிந்துரைத்தது. பஞ்சாபுக்கு மட்டும் மறுத்தது. பஞ்சாபி இந்தியிலிருந்து போதிய அளவு வேறுபட்டதல்ல, கோரிக்கைக்கு அந்த மக்களின் பொதுவான ஆதரவும் இல்லை என்று காரணம் சொன்னது. அதே ஆண்டில் 'பஞ்சாபி சூபா ஜிந்தாபாத்' என்று முழங்குவதற்கே தடை போட்டார்கள். ஜூலையில் போலீஸ் பொற்கோயில் வளாகத்துக்குள் நுழைந்தது. 1984 ஜூனுக்கு முன்பே இப்படி ஒரு ஜூலை இருந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அந்த மாதமே தடையை விலக்கிக்கொண்டார்கள், ஆனால் காயம் நின்றுவிட்டது.

பிறகு 1960இல் பெரிய மோர்ச்சா, அதாவது அறப்போராட்டம். 1961 ஆகஸ்ட் 15 அன்று அகாலித் தலைவர் மாஸ்டர் தாரா சிங் சாகும்வரை உண்ணாவிரதம் என்று உட்கார்ந்து, 48 நாளில் கோரிக்கை நிறைவேறாமலேயே முடித்துக்கொண்டார். எடுத்த சபதத்தை முறித்த குற்றத்துக்காக அவருக்குச் சமயத் தண்டனை விதித்தார்கள். வழிபாட்டுக்கு வந்தவர்களின் செருப்பைத் துடைக்க வேண்டும், லங்கர் எனும் பொது உணவுக்கூடத்தின் பாத்திரம் தேய்க்க வேண்டும். 70 வயதைத் தாண்டிய தலைவர் தரையில் உட்கார்ந்து துடைத்தார். என் தாத்தாவுக்கு அவர் அரசியல் பிடிக்காது. ஆனால் அதைச் சொல்லும்போது தாத்தாவுக்குக் கண் கலங்கும்.

தராசுமுள் அவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அதன் பிறகுதான் வருகிறது. தாரா சிங் சூபாவைப் பேசும்போது பல நேரம் சீக்கியர் பெரும்பான்மை என்ற எண்ணம் எட்டிப்பார்க்கும். அவருக்குப் பின் வந்த சந்த் பதே சிங் விகிதாசாரப் பேச்சையே தள்ளி வைத்தார். தமிழுக்கும் தெலுங்குக்கும் எப்படியோ அப்படியே பஞ்சாபிக்கும், சீக்கியர் எத்தனை பேர் என்பது எனக்குப் பொருட்டல்ல என்ற நிலையில் நின்றார். 1965 போரில் எல்லைக் கிராமங்கள் ராணுவத்துக்குச் சோறு சுமந்து போன பிறகுதான் டில்லிக்கு மனம் இளகியது. 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாபி சூபா வந்தது. மற்றவர்களுக்கு 10 ஆண்டு முன்பே கிடைத்தது. இந்தப் பத்தாண்டு தாமதத்தில்தான் ஒரு மொழிக் கோரிக்கை சமயக் கோரிக்கையாக இறுகியது என்பது என் எண்ணம். மொழி என்று சொன்னபோது கேட்டிருந்தால் 'பந்த்', அதாவது சீக்கியச் சமயச் சமூகம், என்று சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்திருக்காது.

நூற்கண்டு

அக்கா, இதற்கு நன்றி என்ற சொல் போதாது. அர்தாஸின் அந்த வரியை நான் எத்தனையோ முறை லூதியானாவில் நின்று கேட்டிருக்கிறேன், அது 1947க்குப் பிறகு சேர்ந்தது என்று இன்றுதான் அறிகிறேன்.

சட்டப்பிரதி

பண்பாட்டு உரிமை என்ற பக்கத்தை யாரும் இன்னும் தொடவில்லை. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. முதல் விளக்கம் கிர்பான் என்ற குறுவாளை அணிவதும் ஏந்துவதும் சீக்கிய சமயத்தில் அடங்கும் என்கிறது. இரண்டாம் விளக்கம், இந்து சமய நிறுவனங்களை எல்லோருக்கும் திறந்துவிடும் சட்டங்களைப் பொறுத்தவரை 'இந்துக்கள்' என்ற சொல் சீக்கியரையும் சமணரையும் பௌத்தரையும் குறிக்கும் என்கிறது. முதல் விளக்கம் தனிச் சமயம் என்று ஏற்கிறது, இரண்டாவது இன்னொரு பெயருக்குள் அடைக்கிறது. 1984 பிப்ரவரியில் அகாலித் தலைவர்கள் டில்லியில் அந்தப் பிரிவின் பிரதியைக் கொளுத்திச் சிறை சென்றார்கள். சாசனத்தையே கொளுத்தினார்கள் என்று நாடெங்கும் செய்தி பரவியது. ஒரு விளக்கவுரைக்கு எதிரான கோபம் அது என்பதை எத்தனை பத்திரிகைகள் எடுத்துச் சொல்லின என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. சீக்கியத் திருமண முறைக்கு 1909இலேயே ஆனந்த் திருமணச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதில் பதிவு செய்ய வழி இல்லை. சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாஹிப்பைச் சுற்றி வலம்வந்து மணம் முடித்தவர்கள், சான்றிதழ் வேண்டுமென்றால் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் போய் நிற்க வேண்டும். வெளிநாடு செல்லும் பிள்ளைகளின் கையில் அந்தச் சான்றிதழ்தான் இருந்தது. பதிவுக்கு வழி செய்யும் திருத்தம் வந்தது 2012இல். 103 ஆண்டு! நீதியரசர் வெங்கடாசலய்யா ஆணையம் 2002இல் 25ஆவது பிரிவின் அந்த இரண்டாம் விளக்கத்தையே நீக்கலாம் என்றது. இன்றுவரை நீக்கவில்லை. இதைத் திருத்தினால் நாடு உடைந்துவிடுமா?

தி.நகர் கௌர்

என் திருமணச் சான்றிதழும் அந்தப் பழைய முறையில்தான். மனம் ஒப்பாமல் கையெழுத்திட்டேன்.

கடைமடை

நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். மொழியையும் சமயத்தையும் பற்றி நீங்கள் பேசுங்கள், நான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன். ஏனென்றால் 1982இல் அகாலிகள் மண்வெட்டியோடு சாலைக்கு வந்தது முதலில் தண்ணீருக்காக.

ராவி, பியாஸ் நதிகளின் உபரி நீரை 1955இல் பங்கிட்டபோது 15.85 மில்லியன் ஏக்கர் அடியில் 8 ராஜஸ்தானுக்குப் போனது. ராஜஸ்தான் அந்த ஆறுகளின் கரையில் இல்லை. 1966இல் பஞ்சாபையும் ஹரியானாவையும் பிரித்த சட்டத்தின் 78ஆவது பிரிவு, பக்ரா, பியாஸ் திட்டங்களின் நீரை இரு மாநிலங்களும் பேசித் தீர்க்காவிட்டால் மத்திய அரசே தீர்மானிக்கும் என்றது. அணைகளின் நிர்வாகமும் மத்திய அரசு அமைத்த வாரியத்திடம் போனது. ஹரியானா பக்கம் ஓடும் யமுனை மட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை. எங்கள் ஆற்றில் அவர்களுக்குப் பங்கு, அவர்கள் ஆற்றில் எங்களுக்குப் பங்கில்லை என்று பஞ்சாப் விவசாயி கேட்பது இதனால்தான்.

பிறகு 1976 மார்ச். நெருக்கடி நிலை. நாடாளுமன்றத்தில் பேச ஆளில்லை, அகாலித் தலைவர்கள் சிறையில். அந்த நேரத்தில் ஓர் அறிவிக்கையின் மூலம் ஹரியானாவுக்கு 3.5, பஞ்சாபுக்கு 3.5க்கு மேற்படாமல் என்று வெட்டிவிட்டார்கள். அதை எதிர்த்துப் பஞ்சாப் அரசு 1979இல் உச்ச நீதிமன்றம் போனது. 1980இல் அந்த அரசு கலைக்கப்பட்டது. 1981 டிசம்பர் 31இல் மூன்று காங்கிரஸ் முதலமைச்சர்கள் பிரதமர் முன்னிலையில் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 17.17, நம் கணக்கில் சுமார் 748 டி.எம்.சி. அதில் பஞ்சாபுக்கு 4.22, ராஜஸ்தானுக்கு 8.60. வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 1982 ஏப்ரல் 8 அன்று கபூரி கிராமத்தில், ஹரியானாவுக்கு நீர் கொண்டுபோகும் சட்லஜ் யமுனை இணைப்புக் கால்வாய்க்கு இந்திரா காந்தி மண்வெட்டினார். ஆகஸ்ட் 4இல் தர்ம யுத்த மோர்ச்சா தொடங்கியது.

நான் காவிரிக் கடைமடைக்காரன். மேல்மடைக்காரன் மதகை அடைத்தால் வயிறு எரியும் என்று தெரிந்தவன். அதனால் ஹரியானாவையும் குறை சொல்ல மாட்டேன். மகேந்திரகர், ரேவாரி பக்கம் கிணறு வற்றிக் கிடப்பவனும் விவசாயிதான். என் வருத்தம் முறை பற்றியது. நமக்கு 1990இல் நடுவர் மன்றம் கிடைத்தது. 17 ஆண்டு வாதாடினோம், தோற்ற இடத்தில் தோற்றோம், ஆனால் நம் வழக்கறிஞர் எழுந்து நின்று பேசினார். பஞ்சாபுக்கு 1976இல் கிடைத்தது அரசாணை. நடுவர் மன்றம் 1986இல் வந்தது, அதற்குள் ஊர் எரிந்துவிட்டது.

1994இல் ஒரு பயிற்சிக்காக வடக்கே போனபோது ஹரிகே தடுப்பணையில் நின்றேன். பியாஸும் சட்லஜும் கூடும் இடம். அங்கிருந்து புறப்படும் ராஜஸ்தான் கால்வாயின் அகலத்தைப் பார்த்து வாயடைத்துப் போனேன். பூசிய கரைகளுக்கு நடுவே, சுழிகூட இல்லாமல், தண்ணீர் ஒரே சீராகத் தென்மேற்கே போய்க்கொண்டிருந்தது. கரையோர வயலில் ஒருவர் டீசல் எந்திரம் வைத்து நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருந்தார். எந்தத் தீர்மானத்தையும் படிக்காதவனுக்குக்கூட அந்தக் காட்சி போதும்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என் தொழிலுக்குத் துரோகம். 1990இல் அந்த இணைப்புக் கால்வாயின் தலைமைப் பொறியாளரையும் கண்காணிப்புப் பொறியாளரையும் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். நிலம் அளந்து மட்டம் பார்த்ததைத் தவிர அவர்கள் யாருக்கு என்ன செய்தார்கள்? அன்று நின்ற வேலை இன்றும் முடியவில்லை. 2004இல் பஞ்சாப் சட்டமன்றம் பழைய நீர் ஒப்பந்தங்களையே ரத்து செய்து சட்டம் போட்டது, 2016இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கால்வாயின் பாதி புதர் மண்டிக் கிடக்கிறது.

பறையொலி

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் இதுவரை பேசியதில் பஞ்சாபின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் வரவே இல்லை. 2011 கணக்குப்படி அங்கே பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 32 விழுக்காடு. இந்திய மாநிலங்களிலேயே அதிகம். அவர்களிடம் இருக்கும் நிலமோ கையளவு.

கடைமடை ஐயா தண்ணீர் என்கிறார். நிலமில்லாதவனுக்குத் தண்ணீரில் என்ன பங்கு? கௌர் அக்கா பந்த் என்கிறார். 2003இல் ஜலந்தர் பக்கம் தல்ஹான் கிராமத்தில், தங்கள் ஊர் வழிபாட்டிடத்தின் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டதற்காகத் தலித்துகள் சமூக விலக்கத்துக்கு ஆளானார்கள். சாதி இல்லை என்று சீக்கிய குருமார்கள் சொன்ன மண்ணில் சுடுகாடும் தனி. பஞ்சாயத்துப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று 1961 முதல் சட்டம் இருக்கிறது. நிலக்காரர்கள் பினாமி பெயரில் ஏலம் எடுத்து உழுதுகொண்டிருந்தார்கள். 2014 முதல் சங்ரூர்ப் பகுதியில் தலித் பெண்கள் வயலில் இறங்கி, அடி வாங்கி, வழக்கு வாங்கி, சில ஊர்களில் அந்தப் பங்கைப் பெற்றிருக்கிறார்கள். அதிகாரம் டில்லியிலிருந்து சண்டிகருக்கு வந்தால் அந்தப் பெண்ணின் களத்துமேட்டுக்கும் வருமா என்பதுதான் என் கேள்வி. மாநில சுயாட்சியை நான் எதிர்க்கவில்லை. அது பாதி வழியில் பண்ணையார் வீட்டுத் திண்ணையில் இறங்கிக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

தி.நகர் கௌர்

பறையொலி, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டிலும் சாதி பார்த்தார்கள். ஒரு தகவலை மட்டும் சேர்க்கிறேன். 1950இல் பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும் என்று ஆணை வந்தபோது, அகாலிகள் போராடித்தான் மஜ்பி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர் என்ற நான்கு சீக்கியச் சாதிகளைச் சேர்க்க வைத்தார்கள். 1956இல் மற்றச் சீக்கியத் தலித்துகளுக்கும் அது கிடைத்தது.

பறையொலி

அறிவேன் அக்கா. அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் பட்டியலில் சேர்த்த கை, நிர்வாகக் குழுவில் நாற்காலி போடவில்லை.

தராசுமுள்

நான் முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கௌர் அவர்களின் பதிவுக்குப் பிறகு ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன். மொழியாகக் கேட்டபோது மறுத்து, சமயமாகக் கேட்டபோது பயந்தோம் என்பது வலுவான வாதம். 1984 நவம்பரில், இந்திரா காந்தி கொலையை அடுத்து, டில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசே ஒப்புக்கொண்டது. பஸ்ஸில் செத்தவர்களுக்காக அழும் நான் இவர்களுக்காகவும் அழ வேண்டும்.

ஆனால் அகாலி தளத்தின் மீது என் கோபம் தீரவில்லை. கூட்டாட்சிக்காகச் சிறை சென்ற கட்சி அது. 1975 ஜூலையில் நெருக்கடி நிலையை எதிர்த்து அம்ரித்சரில் மோர்ச்சா தொடங்கி, 19 மாதம் அணி அணியாகச் சிறை நிரப்பியது. நம் தி.மு.க. அரசும் அதே காலத்தில், 1976 ஜனவரியில், கலைக்கப்பட்டது. இவ்வளவு செய்த கட்சி 2019 ஆகஸ்டில் காஷ்மீரின் தனி நிலையை நீக்கி, ஒரு மாநிலத்தையே இரண்டு ஒன்றியப் பகுதிகளாக வெட்டிய மசோதாவை நாடாளுமன்றத்தில் ஆதரித்தது. ஆனந்த்பூரில் எல்லா மாநிலங்களுக்கும் என்று எழுதினார்களே, அந்த 'எல்லா' எங்கே போனது? மறு ஆண்டே காஷ்மீரின் ஆட்சிமொழிச் சட்டத்தில் பஞ்சாபி விடுபட்டது. அப்போது குரல் எழுப்பினார்கள். அடுத்த வீட்டில் பூட்டு உடைந்தபோது வாய் திறந்திருக்க வேண்டும்.

சட்டப்பிரதி

இதை நானும் ஏற்கிறேன். ஒரு கூடுதல் செய்தி: 1985 ஜூலை 24இல் பிரதமர் ராஜீவ் காந்தியும் அகாலி தளத் தலைவர் ஹர்சந்த் சிங் லோங்கோவாலும் கையெழுத்திட்ட உடன்பாட்டிலேயே, ஆனந்த்பூர் தீர்மானம் முழுக்க அரசியல் சாசனத்துக்கு உட்பட்டது என்ற அகாலி தளத்தின் நிலை எழுத்தில் இருக்கிறது. மத்திய மாநில உறவு பற்றிய பகுதியை, அந்த உறவை ஆராய்ந்துகொண்டிருந்த சர்க்காரியா ஆணையத்துக்கு அனுப்புவதாக மத்திய அரசு ஒப்புக்கொண்டது. முந்தைய ஆண்டு மத்திய அரசே தன் வெள்ளை அறிக்கையில் நாட்டு ஒற்றுமைக்குப் பொருந்தாதது என்று தள்ளிய அதே தாள்தான். ஒரு மாதம் முடியுமுன் லோங்கோவாலைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். இழை தொடங்கியவர் கேட்ட கேள்விக்குச் சட்டத்தின் பக்கமிருந்து இதைவிடத் தெளிவான விடை இல்லை.

கன்னிப்பதிவு

சண்டிகர் அந்த உடன்பாட்டில் பஞ்சாபுக்கு என்று இருந்ததாகப் படித்தேன். ஏன் கொடுக்கவில்லை?

நூற்கண்டு

தம்பி, இது நான் நேரில் போய்ப் பார்த்த ஊரின் கதை, அதனால் நானே சொல்கிறேன்.

சண்டிகருக்காக தர்ஷன் சிங் பேருமான் என்ற முதியவர் 1969 ஆகஸ்ட் 15இல் உண்ணாவிரதம் தொடங்கி, 74ஆம் நாள் உயிரை விட்டார். தமிழ்நாடு என்ற பெயருக்காக 70 நாளுக்கு மேல் பட்டினி கிடந்து செத்த நம் விருதுநகர் சங்கரலிங்கனாரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து, 1970 ஜனவரியில், சண்டிகர் பஞ்சாபுக்கு, பதிலாக அபோஹர், பாசில்கா ஹரியானாவுக்கு என்று இந்திரா காந்தி அறிவித்தார். நடக்கவில்லை. 1985 உடன்பாட்டில் 1986 ஜனவரி 26 என்று தேதியே குறித்தார்கள். ஆனால் பதிலுக்குக் கொடுக்கும் இந்தி பேசும் ஊர்களைக் கண்டறிய ஓர் ஆணையம் வைத்தார்கள். அபோஹர், பாசில்கா பகுதி ஹரியானாவைத் தொட வேண்டுமானால் நடுவில் கந்துகேரா என்ற ஒரே ஒரு கிராமத்தைக் கடக்க வேண்டும். அந்தக் கிராமம் பேசுவது இந்தி மொழியா, பஞ்சாபி மொழியா? ஒரு தலைநகரின் தலையெழுத்து அதில் தொங்கியது. ஜனவரிக் குளிரில் வீடு வீடாகப் போய் மொழி கேட்டு எழுதினார்கள். பெரும்பாலோர் பஞ்சாபி என்றார்கள். தொடர்பு அறுந்ததால் அபோஹர் போகவில்லை, அபோஹர் போகாததால் சண்டிகர் வரவில்லை. ஜனவரி 26 கடந்து போனது. சண்டிகர் இன்றும் இரண்டு மாநிலங்களுக்கும் தலைநகர், இரண்டுக்கும் சொந்தமில்லை.

அபோஹர் பருத்திச் சந்தைக்கு நான் ஆண்டுதோறும் போவேன். ஒருமுறை வழியில் கந்துகேராவில் இறங்கினேன். பருத்தி வெடித்துக் கிடந்த காலம். சாலையோர முள்ளெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் அந்தக் கணக்கெடுப்பைப் பற்றிக் கேட்டேன். எழுத வந்தவர் வாசலில் நின்று தாய்மொழி என்ன என்று கேட்டபோது தன் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். அதை அதட்டியபடி பின்னாலேயே ஓடிப் பிடித்துக் கட்டிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்து, பதில் சொல்ல வாய் திறந்தாராம். அதற்குள் வந்தவர் பஞ்சாபி என்று எழுதி முடித்து, அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாராம்.